இதில் என்ன பெரிய வித்தை?

சட்டப் புத்தகங்களில் குடியிருக்கும் கற்பனை மனிதர்களில் மகா விசித்திரமானவர் ஒருவர் உண்டு. பேட்டன்ட் சட்டம் அவரைத் 'துறையில் சாதாரணத் திறன் உள்ளவர்' என்கிறது. சாதாரணமாம்! ஐயாவின் சாதாரணத்தைக் கொஞ்சம் கேளுங்கள். தன் துறையில் உலகத்தின் எந்த மூலையில், எந்த மொழியில் எது அச்சேறியிருந்தாலும் அவர் அதைப் படித்தவர். ஜப்பானில் யாரோ பதிவு செய்துவிட்டு மறந்தே போன வரைபடம் அவருக்கு மனப்பாடம். ஜெர்மன் நூலகத்தின் அடித்தட்டில் செல்லரித்துக் கிடக்கும் ஆய்வேடு அவருக்கு அத்துப்படி. இத்தனை படித்தவருக்குச் சொந்தமாக ஒரு யோசனை வந்ததுண்டா? கிடையாது. வரவும் கூடாது. வந்தால் அவர் சாதாரணர் பட்டியலிலிருந்து விலகிக் கண்டுபிடிப்பாளர் ஆகிவிடுவார். சட்டம் அவரை வேலையை விட்டுத் தூக்கிவிடும்.

ஒரு மின்னணு சர்க்யூட்டுக்குக் கொடுத்த பேட்டன்ட் செல்லுமா செல்லாதா என்ற வழக்கில் கடைசி வார்த்தை இந்த இல்லாத மனிதருடையது. பழையதைப் பார்த்ததுமே அவருக்கு இது தோன்றியிருக்கும் என்றால் 'வெளிப்படை', பேட்டன்ட் காலி. தோன்றியிருக்காது என்றால் பிழைத்தது. அவரோ வாயைத் திறக்கமாட்டார். ஆகவே அவர் சார்பில் பேச, மணிக்கு இவ்வளவு என்று கூலி வாங்கும் நிபுணர்கள் வருகிறார்கள். பக்கத்துக்கு ஒருவர். 'அவருக்குக் கட்டாயம் தோன்றியிருக்கும்' என்கிறார் ஒருவர். 'கனவிலும் தோன்றியிருக்காது' என்கிறார் மற்றவர். இருவரும் சத்தியப் பிரமாணம் எடுத்தவர்கள், இருவரும் முனைவர்கள். எந்தப் பக்கம் கோட்டு சூட்டு அதிகமோ அந்தப் பக்கம் குரலும் சற்றுக் கணீரென்று கேட்கும்.

இந்தக் கூத்தில் மாட்டி நொந்தவர்களில் ஒருவர் ராபர்ட் கியர்ன்ஸ். டெட்ராய்ட் நகரத்தில் வேன் ஸ்டேட் பல்கலைக்கழகத்துப் பொறியியல் பேராசிரியர். 1953-இல், கல்யாணம் ஆன அன்று இரவு, ஷாம்பேன் பாட்டிலின் தக்கை தெறித்து அவருடைய இடது கண்ணில் அடித்தது. அந்தக் கண்ணில் பார்வை ஏறக்குறையப் போய்விட்டது. பிறகு தூறல் மழையில் கார் ஓட்டும்போதெல்லாம் கண்ணாடியில் ஓயாமல் ஆடும் வைப்பர் அவருக்குப் பெரிய இம்சை. மனிதனின் இமை விட்டு விட்டுத்தானே அடிக்கிறது, இந்தச் சனியன் மட்டும் ஏன் நிற்காமல் அடிக்க வேண்டும் என்று யோசித்தார்.

அவர் செய்ததைப் பிரித்துப் பார்ப்போம். ஒரு கெபாசிட்டர், அளவை மாற்றத்தக்க ஒரு ரெசிஸ்டர், ஒரு டிரான்சிஸ்டர். ரெசிஸ்டர் வழியாகக் கெபாசிட்டரில் மின்னூட்டம் மெல்ல மெல்லச் சேரும். ஓர் அளவைத் தொட்டதும் டிரான்சிஸ்டர் விழித்துக்கொண்டு மோட்டாரை ஓடவிடும். வைப்பர் ஒரு தடவை துடைத்துவிட்டுத் தன் இடத்தில் போய்ப் படுக்கும். கெபாசிட்டர் காலியாகி மறுபடி முதலிலிருந்து சேர ஆரம்பிக்கும். குமிழைத் திருகினால் இடைவெளி கூடும், குறையும். அவ்வளவுதான். மூன்று சாமானும் அன்றைக்கே எந்த ரேடியோ ரிப்பேர்க் கடையிலும் கிடைத்தவை.

1963-இல் இதைத் தன் காரில் பொருத்தி ஃபோர்டு கம்பெனிக்கே ஓட்டிக்கொண்டு போய்க் காட்டினார். ஃபோர்டின் பொறியாளர்கள் அப்போது இதே வேலையை என்ஜின் உறிஞ்சுவதால் உண்டாகும் வெற்றிடத்தை வைத்துச் செய்யப் பார்த்துத் திண்டாடிக்கொண்டிருந்தார்கள். காரைச் சுற்றி நின்று கேள்வி மேல் கேள்வி கேட்டார்கள். முப்பது லட்சம் தடவை ஆடினாலும் பழுதாகக் கூடாது என்றார்கள். மனிதர் மீன் தொட்டி ஒன்றை வாங்கி, எண்ணெயும் மரத்தூளும் கலந்து நிரப்பி, வைப்பர் மோட்டாரை அதற்குள் உழலவிட்டு வீட்டு நிலவறையிலேயே அந்தச் சோதனையை நடத்தினார். 1964 டிசம்பரில் பேட்டன்ட்டுக்கு விண்ணப்பித்தார், 1967 நவம்பரில் கிடைத்தது. இடையில் ஃபோர்டு 'உங்கள் உதவி இனித் தேவையில்லை' என்று கதவைச் சாத்தியது. 1969-இல் ஃபோர்டு தயாரிப்பில் விட்டு விட்டுத் துடைக்கும் மின்னணு வைப்பர் சந்தைக்கு வந்தது. அடுத்தடுத்து மற்ற கம்பெனிகளும் போட்டன. 1976-இல் ஒரு மெர்சிடிஸ் காரின் வைப்பர் சர்க்யூட்டை மேசையில் வைத்துப் பிரித்தார் கியர்ன்ஸ். உள்ளே இருந்தது அவருடைய சர்க்யூட். மனம் உடைந்து மருத்துவமனையில் சேர்க்கும்படி ஆனது.

1978-இல் ஃபோர்டு மீது வழக்குப் போட்டார். கம்பெனியின் பதில் என்ன தெரியுமா? 'இதில் புதிதாக ஒரு பாகமும் இல்லையே! கெபாசிட்டர் பழசு, ரெசிஸ்டர் பழசு, டிரான்சிஸ்டர் பழசு. பழசை எல்லாம் சேர்த்தால் யாருக்கும் தோன்றக்கூடியதுதானே? இதில் என்ன பெரிய வித்தை?'

யாருக்கும் தோன்றக்கூடியது. சரி. உன் கம்பெனியில் மாதச் சம்பளம் வாங்கும் ஆயிரக்கணக்கான பொறியாளர்களில் ஒருவருக்குக்கூட ஏன் தோன்றவில்லை? அவர்களுக்குத் தோன்றிய வெற்றிட முறை ஏன் சரிப்படவில்லை? பேராசிரியரின் காரைச் சுற்றி நின்று ஏன் துருவித் துருவிக் கேட்டார்கள்? தெரிந்த விஷயத்தை யாராவது கேட்டுத் தெரிந்துகொள்வார்களா? அதியமான் ஔவைக்குக் கொடுத்த நெல்லிக்கனி, உள்ளங்கையில் இருந்தபோது ஊருக்கெல்லாம் பளிச்சென்று தெரிந்திருக்கும். மலைப் பிளவில் அது தொங்கிக்கொண்டிருந்தபோது எத்தனை பேர் பார்த்தார்கள்?

வழக்கு ஒரு முடிவுக்கு வந்தது 1990-இல். பேட்டன்ட்டின் ஆயுளே அன்று 17 வருஷம்தான். அது 1984-லேயே முடிந்துவிட்டது. பிணத்துக்கு வைத்தியம் பார்ப்பதுபோல் நடந்த அந்த விசாரணையில் ஜூரி சொன்னது: பேட்டன்ட் செல்லும், ஃபோர்டு அதை மீறியிருக்கிறது, ஆனால் வேண்டுமென்றே மீறவில்லை. இந்த அழகை ரசிக்க வேண்டும். யாருக்கும் தெரிந்த விஷயம் என்று பன்னிரண்டு வருஷம் வாதாடியவர்கள், கடைசியில் தெரியாமல் செய்துவிட்டார்களாம்! ஒரு கோடியே 2 லட்சம் டாலர் கொடுத்து ஃபோர்டு கணக்கை முடித்தது. அடுத்து கிரைஸ்லர், அந்த வழக்கைக் கியர்ன்ஸ் வக்கீல் இல்லாமல் தானே நடத்தி ஜெயித்தார். 1995-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கிரைஸ்லரின் மேல்முறையீட்டை எடுக்கவே மறுத்தது. மற்றக் கம்பெனிகள் மீது போட்ட வழக்குகள், தாக்கல் செய்ய வேண்டிய காகிதங்கள் தேதி தவறிப்போனதால் தள்ளுபடி. காகிதம் தாமதமானால் கோர்ட் மன்னிக்காது. நீதி தாமதமானால் மட்டும் எல்லோரும் மன்னித்துக்கொள்ள வேண்டும். மனைவியும் பிரிந்துபோன அந்த மனிதர் 2005-இல் இறந்தார். அவருக்கு வேண்டியிருந்தது பணமல்ல, அந்த வைப்பரைத் தானே தயாரித்து விற்கும் உரிமை. அது ஒருநாளும் கிடைக்கவில்லை.

இந்த வியாதி நீதிபதிகளுக்கும் பழையது. 1941-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்குக் காரில் சிகரெட் பற்றவைக்கும் மின்கருவி ஒன்று வந்தது. வயர் இல்லாமல் கையில் எடுக்கக்கூடிய பற்றவைப்பான் முன்பே உண்டு. அதில் வெப்ப அளவில் தானே விடுபடும் தெர்மோஸ்டாட்டைச் சேர்த்து, குமிழை அழுத்திவிட்டுச் சாலையைப் பார்த்து ஓட்டலாம் என்று செய்தவர் ஒருவர். அது உலகம் முழுக்கக் கார்களில் உட்காரப்போகும் சங்கதி. நீதிபதி டக்ளஸ் ஐயா எழுதினார்: திறமை இருக்கிறது, ஆனால் படைப்பு மேதைமையின் மின்னல் இதில் அடிக்கவில்லை. ஆகவே செல்லாது. அதாவது கண்டுபிடிப்பாளன் அடுப்பங்கரையிலோ பட்டறையிலோ பத்து வருஷம் மல்லாடினால் போதாது. வானம் இடித்து மின்னல் வந்து உச்சந்தலையில் விழ வேண்டும், அதற்குச் சாட்சியும் வேண்டும். எட்டு வருஷம் கழித்து அதே நீதிமன்றத்தில் நீதிபதி ஜாக்சன் மாறுபட்ட தீர்ப்பு எழுதும்போது, இந்த நீதிமன்றத்தின் கைக்கு எட்டாத பேட்டன்ட் ஒன்றுதான் செல்லத்தக்க பேட்டன்ட் என்று சக நீதிபதிகள் முகத்துக்கு நேரேயே சொன்னார். அங்கதத்தில் அவருக்கு முன்னால் நானெல்லாம் எம்மாத்திரம்!

நாடாளுமன்றத்துக்கே பொறுக்கவில்லை. 1952-இல் புதிய பேட்டன்ட் சட்டம் போட்டு, மின்னலோ மல்லாட்டமோ, கண்டுபிடித்த விதத்தை வைத்துப் பேட்டன்ட்டை மறுக்கக் கூடாது என்று எழுதியது. அதே சட்டத்தில்தான் நம்முடைய சாதாரணத் திறனாளரும் முறையாகக் குடியேறினார். அந்தச் சட்டத்தை எழுதியதில் பங்குள்ள நீதிபதி கைல்ஸ் ரிச், 1966-இல் ஒரு தீர்ப்பில் அவருடைய பட்டறையைக் கண்முன் நிறுத்துகிறார்: கண்டுபிடிப்பாளர் வேலை செய்துகொண்டிருக்கிறார், அவருக்குத் தேவையான முந்தைய ஆவணங்கள் எல்லாம் சுற்றுச் சுவர்களில் மாட்டியிருக்கின்றன. ஆஹா! ஆயிரக்கணக்கான ஆவணங்களிலிருந்து சரியான இரண்டைத் தேடி எடுத்து, பக்கத்துப் பக்கத்தில் ஆணியடித்து மாட்டிவைத்த அந்தப் புண்ணியவான் யார்? வக்கீல். எப்போது மாட்டினார்? விடையைக் கையில் வைத்துக்கொண்டு, பத்து இருபது வருஷம் கழித்து.

இதையெல்லாம் விடக் கசப்பான கதை பால் ஐஸ்லருடையது. வியன்னாவில் பிறந்த யூதர், 1936-இல் இங்கிலாந்துக்குத் தப்பி வந்தவர். அந்தக் காலத்தில் ரேடியோப் பெட்டியைத் திறந்தால் உள்ளே வயர்கள் சிக்கலும் சிடுக்குமாகக் கிடக்கும்; ஒவ்வொன்றையும் கையால் பற்றவைக்க வேண்டும். ஐஸ்லர், வயருக்குப் பதில் தாமிரத் தகட்டில் அச்சடித்து அரித்தெடுத்த பாதைகளை வைத்து ரேடியோ செய்தார். இன்று நம் வீட்டில் மின்சாரம் ஓடும் எதைத் திறந்தாலும் உள்ளே இருக்கிற அந்தப் பச்சைப் பலகையின் மூதாதை. பிளெஸ்ஸி கம்பெனிக்குக் கொண்டுபோனார். வயர் பற்றவைக்கிற வேலையைப் பெண்கள் செய்கிறார்கள், பெண்கள் மலிவு, சொன்னபடி வளைந்தும் கொடுப்பார்கள் என்று பதில் வந்ததாகப் பின்னாளில் ஐஸ்லர் சொன்னார். ஒரே பதிலில் ஒரு கண்டுபிடிப்பையும் ஒரு பாதி மனித குலத்தையும் அவமதிக்க முடியும் என்று நிரூபித்த கம்பெனி அது.

பிறகு போர். அடைக்கலம் தேடி வந்தவரை எதிரி நாட்டான் என்று சிறை முகாமில் போட்டார்கள். வெளியே வந்து, இசைத் தாள் அச்சடிக்கும் ஒரு கம்பெனியைச் சம்மதிக்க வைத்து வேலையைத் தொடர்ந்தார். படிக்காமல் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தில் பேட்டன்ட் உரிமைகள் ஒரு பவுனுக்குக் கம்பெனிக்குப் போயின. 1943-இல் விண்ணப்பம். இலக்குக்கு அருகில் போனதும் தானே வெடிக்கும் குண்டுத் திரியில் அமெரிக்கா அச்சு சர்க்யூட்டைப் பயன்படுத்தியது. 1948-க்குப் பிறகு அமெரிக்கத் தொழிற்சாலைகள் எல்லாம் இதில் இறங்கின. உரிமைத் தொகை கேட்டுப் போனபோதுதான் எல்லோருக்கும் ஞானம் பிறந்தது. 1963-இல் பென்டிக்ஸ் கம்பெனிக்கு எதிரான வழக்கில், பழைய பேட்டன்ட்டுகளை அடுக்கிக் காட்டிய பிறகு, மேரிலாந்து நீதிமன்றம் ஐஸ்லரின் அமெரிக்கப் பேட்டன்ட்டுகள் செல்லாது என்றது. மறு வருஷம் மேல் நீதிமன்றமும் ஆமோதித்தது. அந்தப் பழைய பேட்டன்ட்டுகள் அத்தனை காலம் எங்கே இருந்தன? பெண்கள் மலிவு என்று சொன்ன கம்பெனியின் அலமாரியில் ஏன் இல்லை? இங்கிலாந்தில் இதே அச்சு சர்க்யூட் வழக்கு பிரபுக்கள் சபை வரை போனது. அங்கே டிப்லாக் பிரபு ஒரு நல்ல காரியம் செய்தார். கண்டுபிடிப்பு நடந்து வெற்றியும் பெற்ற பிறகு, பழையதிலிருந்து படிப்படியாக அதற்கு ஏணி சாத்திக் காட்டுவது பொதுவாகவே சாத்தியம்தான், அதை நான் நம்பத் தயாரில்லை என்று வக்கீல்களின் வழக்கமான குறுக்கு விசாரணை வித்தைக்கு ஒரு குட்டு வைத்தார். குட்டு வாங்கிய தலைகள் இன்றும் அதே வித்தையைக் காட்டிக்கொண்டுதான் இருக்கின்றன.

இப்போது காட்சியைத் திருப்புவோம். எளியவன் சர்க்யூட் செய்தால் 'இதில் என்ன இருக்கிறது' என்று உதடு பிதுக்கும் கனவான்கள், தாங்கள் விண்ணப்பிக்கும்போது மட்டும் எப்படிப் பரவசப்படுகிறார்கள் பாருங்கள். 1999-இல் அமேசான், ஒரே ஒரு தடவை சொடுக்கினால் பொருளை வாங்கிவிடலாம் என்பதற்குப் பேட்டன்ட் வாங்கியது. சில வாரங்களில் போட்டிக் கடையான பார்ன்ஸ் அண்ட் நோபிள் மீது வழக்கு. டிசம்பரில், கிறிஸ்துமஸ் வியாபாரத்தின் உச்சத்தில், தடையுத்தரவு. போட்டிக்காரன் தன் வாடிக்கையாளரை இன்னொரு தடவை கூடுதலாகச் சொடுக்கவைத்துப் பிழைக்க வேண்டியதாயிற்று! 2001-இல் மேல் நீதிமன்றம் அந்தத் தடையை நீக்கியது. ஐரோப்பியப் பேட்டன்ட் அலுவலகம் இதில் கண்டுபிடிப்பே இல்லை என்று கைவிரித்தது. அமெரிக்காவிலோ அந்த மகா ஞானம் 2017-இல் ஆயுள் முடியும்வரை சட்டத்தின் பாதுகாப்பில் சொகுசாக இருந்தது.

ஆப்பிளின் 'விரலால் தள்ளித் திற' பேட்டன்ட் இன்னும் தமாஷ். நாதாங்கியைத் தள்ளிக் கதவைத் திறக்கத் தெரிந்த நாளிலிருந்து மனித குலத்துக்குத் தெரிந்த சைகை அது. 2012-இல் லண்டன் நீதிமன்றம் வெளிப்படை என்று தள்ளியது. 2015-இல் ஜெர்மனியின் உச்ச நீதிமன்றமும் தள்ளியது. 2016 பிப்ரவரியில், சாம்சங் மீது ஆப்பிள் போட்ட வழக்கில், அமெரிக்க மேல் நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகளும் வெளிப்படை என்றார்கள். அதே நீதிமன்றம் அதே வருஷம் அக்டோபரில் முழு அமர்வாகக் கூடி, 8-க்கு 3 என்று ஓட்டுப் போட்டு, இல்லையில்லை, வெளிப்படை அல்ல, சாம்சங் கிட்டத்தட்ட 12 கோடி டாலர் கட்டியாக வேண்டும் என்றது. சாதாரணத் திறனாளர் பிப்ரவரியில் புத்திசாலி, அக்டோபரில் மண்டு. இடையில் அவருக்கு என்ன வாதநோய் வந்தது என்று எந்தத் தீர்ப்பும் சொல்லவில்லை.

இதைச் சொன்னால், அப்படியானால் கேட்டவனுக்கெல்லாம் பேட்டன்ட் கொடுக்கச் சொல்கிறாயா என்பார்கள். இல்லவே இல்லை. 'வெளிப்படை' என்ற தடை அவசியம் வேண்டும். 2007-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், காரின் ஆக்ஸிலரேட்டர் பெடலில் மின்னணு சென்சாரை ஒட்டவைத்த பேட்டன்ட் ஒன்றை ஒருமனதாக ரத்து செய்தது. தெரிந்த பெடல், தெரிந்த சென்சார், தொழில் முழுக்க அந்தப் பக்கம்தான் போய்க்கொண்டிருந்தது. சரியான தீர்ப்பு. சாதாரணத் திறனாளர் வெறும் இயந்திரமல்லர், அவருக்கும் சாதாரணக் கற்பனை உண்டு என்று அந்தத் தீர்ப்பில்தான் அவருக்குக் கொஞ்சம் மூளையும் ஒதுக்கப்பட்டது. நம்மூர்க் கதையும் உண்டு. மதுரைக்காரர் ஒருவர் ஒரே மொபைலில் பல சிம் கார்டு போடுவதற்கு இந்தியப் பேட்டன்ட் வாங்கினார். 2009-இல் அதைக் காட்டிச் சுங்கத்துறை மூலம் இரட்டை சிம் மொபைல்களின் இறக்குமதியையே நிறுத்தினார். 2012-இல் அறிவுசார் சொத்து மேல்முறையீட்டு வாரியம் அந்தப் பேட்டன்ட்டை ரத்து செய்தது. செய்யத்தான் வேண்டும். ஏழையின் கையிலிருந்தாலும் பழையது பழையதுதான். தடுப்புச் சுவர் வேண்டாம் என்று யார் சொன்னது? ஆள் பார்த்து உயர்ந்து தாழ்கிற சுவர்தான் வேண்டாம் என்கிறேன்.

சுவரின் உயரத்தை அளக்க அளவுகோல் இல்லாமலும் இல்லை. 1966-இலேயே அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்லிவைத்தது: இந்தத் தேவை எத்தனை காலமாக இருந்தது, எத்தனை பேர் முயன்று தோற்றார்கள், வந்த பிறகு சந்தை எப்படி வாங்கியது என்றெல்லாம் பார்க்கலாம் என்று. போட்டிக்காரன் காப்பியடித்தானா என்பதையும் அதற்குப் பின் வந்த தீர்ப்புகள் சேர்த்துக்கொண்டன. இவற்றில் ஒன்றுக்கும் கூலி நிபுணர் வேண்டாம். நாட்காட்டியும் கணக்குப் புத்தகமும் போதும். ஆனால் அந்தக் கேள்விகளுக்குச் சட்டம் வைத்த பெயர் 'இரண்டாம் நிலைக் கருத்துகள்'. கேட்டால் வழக்கு ஒரே வாரத்தில் முடிந்துவிடும் கேள்விகளை இரண்டாம் வரிசையில் உட்காரவைத்து, இல்லாத மனிதரின் மண்டைக்குள் என்ன ஓடியிருக்கும் என்ற ஜோசியத்தை முதல் வரிசையில் வைத்தால் யாருக்கு லாபம்? இருபது வருஷம் வக்கீல் ஃபீஸ் கட்டத் தெம்புள்ளவனுக்கு.

எனவே சட்டம் இயற்றும் சான்றோர்களுக்கு ஒரு சிறு திருத்தத்தைச் சிபாரிசு செய்கிறேன். ஒரு கம்பெனி கோர்ட்டில் நின்று 'இது யாருக்கும் தோன்றக்கூடியதுதான்' என்று சொல்ல வேண்டுமானால், முதலில் தன் ஆய்வுக்கூடத்துக் குறிப்பேடுகளை மேசைமேல் வைக்கட்டும். பேட்டன்ட் விண்ணப்பத் தேதிக்கு முந்தைய ஐந்து வருஷத்துப் பக்கங்களை நீதிபதி புரட்டிப் பார்க்கட்டும். அந்தச் சர்க்யூட்டோ அதன் நிழலோ அங்கே இருந்தால் தாராளமாக வாதாடலாம், பேட்டன்ட்டைக் கிழித்தே போடலாம். பக்கம் வெள்ளையாக இருந்து, கண்டுபிடித்தவன் வந்து காட்டிய தேதிக்கு அடுத்த வாரத்திலிருந்து மட்டும் மை ஓட ஆரம்பித்திருந்தால், நிபுணரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, அந்த ஒவ்வொரு பக்கத்துக்கும் வட்டியோடு செக் எழுதச் சொல்லட்டும். அவன் உயிரோடு இருக்கும்போதே.